வேலையை விடாமல் பி.எச்டி. முடிக்க: நாற்பதை நெருங்குகிறவர்களுக்கு

இந்தியாவில் அஞ்சல் வழி பி.எச்டி. என்று ஒன்று கிடையாது. ஆன்லைன் பி.எச்டி.யும் கிடையாது. இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது தெரியாமல் 2015-ல் ஓர் ஏஜென்ட் அலுவலகத்தில் 35,000 ரூபாய் கட்டிவிட்டு ஒன்றரை வருடம் அலைந்தவள் நான். "நீங்க பாட்டுக்கு வேலைக்குப் போயிட்டே இருங்க மேடம், வருஷத்துக்கு ரெண்டு தடவை வந்தாப் போதும், தீசிஸை நாங்க பார்த்துக்கறோம்" என்றார்கள். அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதுமே நான் எழுந்து வந்திருக்க வேண்டும். பணம் திரும்பி வரவே இல்லை.

அப்புறம் முறையாகப் பதிவு செய்து, வேலையில் இருந்தபடியே 2017 ஜனவரியில் தொடங்கி 2023-ல் வைவா (ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வு) முடித்தேன். தொடங்கும்போது எனக்கு வயது 38. திருப்பூரில் சாயப்பட்டறைக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ஒரு பொது நிலையத்தில் லேப் பொறுப்பு, வீட்டில் இரண்டு பிள்ளைகள், எம்.எஸ்சி. முடித்துப் பதினைந்து வருட இடைவெளி. இதே மாதிரி நிலையில் இருந்துகொண்டு 'நமக்கும் முடியுமா' என்று என்னிடம் கேட்பவர்கள் நிறைய. முடியும். ஆனால் எந்த வரிசையில் எதைச் செய்வது என்று தெரியாமல் போனால் இரண்டு மூன்று வருடம் வீணாகப் போய்விடும், அந்த வரிசையைத்தான் எழுதுகிறேன்.

நமக்கான வழியின் பெயர் 'பார்ட் டைம்'

தொலைநிலை, ஆன்லைன் படிப்புகளுக்கான யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2020 விதிகள் பி.எச்டி.யை அந்த வழியில் நடத்தவே கூடாது என்கின்றன. தொலைநிலைக் கல்விக்கென்றே இருக்கும் இக்னோ கூட பி.எச்டி.யை மட்டும் மற்ற பல்கலைக்கழகங்கள் மாதிரி முழுநேரம், பகுதிநேரம் என்றுதான் நடத்துகிறது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு கூட்டு என்று சொல்லி எட்-டெக் கம்பெனிகள் விற்கும் ஆன்லைன் பி.எச்டி. செல்லாது என்று 2022 அக்டோபரில் யு.ஜி.சி.யும் தொழில்நுட்பக் கல்விக்கான ஏ.ஐ.சி.டி.இ.யும் சேர்ந்தே எச்சரிக்கை வெளியிட்டன. பல்கலைக்கழகம் நிஜமாகவே இருக்கிறது என்பதும் போதாது. விதிகளை மீறி பி.எச்டி. கொடுத்ததற்காக ராஜஸ்தானின் மூன்று தனியார் பல்கலைக்கழகங்கள் ஐந்து வருடத்துக்குப் புதிய ஆய்வு மாணவர்களைச் சேர்க்கக் கூடாது என்று 2025 ஜனவரியில் யு.ஜி.சி. தடை போட்டது. அந்தப் பட்டத்தை வாங்கி பெயருக்கு முன்னால் 'முனைவர்' போட்டுக்கொண்டவர்கள் இன்று எந்த நிலையில் இருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

பார்ட் டைம் பி.எச்டி. அப்படியில்லை, அது முழுக்க முழுக்கச் செல்லும். 2022 நவம்பரில் வந்த யு.ஜி.சி. விதிகள் அதைத் தெளிவாக அனுமதிக்கின்றன. பட்டத்தில் எந்த வித்தியாசமும் இல்லை, ஆய்வேட்டை மதிப்பிடும் முறையும் முழுநேர மாணவருக்கு உள்ளதேதான். குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 6 வருடம், மறுபதிவு செய்தால் மேலும் 2 வருடம். பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் இன்னும் 2 வருடம் கூடுதல், ஆக மொத்தம் 10 வருடம் வரை போகலாம். மகப்பேறு, குழந்தை வளர்ப்பு விடுப்பாக 240 நாட்கள் வரை எடுக்கவும் இடமுண்டு. வேலையும் குடும்பமும் உள்ளவர்களுக்கு 'ஃப்ளெக்சிபிள்' என்று விதி கொடுப்பது இந்தக் கால நீட்சியைத்தான். மற்ற நெகிழ்வெல்லாம் நம் கைடோடு, அதாவது ஆய்வு நெறியாளரோடு, பேசி நாமே உண்டாக்கிக்கொள்வது.

பொறியியல் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு கதவும் உண்டு. சென்னை ஐ.ஐ.டி. மாதிரி இடங்களில் எக்ஸ்டர்னல் ரெஜிஸ்ட்ரேஷன் என்று ஒரு முறை இருக்கிறது, ஆய்வு வசதி உள்ள நிறுவனத்தில் வேலை செய்கிறவர்கள் ஆய்வின் பெரும்பகுதியைத் தங்கள் இடத்திலேயே செய்யலாம். அங்கே நேரில் தங்க வேண்டிய காலம் எவ்வளவு என்பதை மட்டும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், அந்த விடுப்பை உங்கள் நிறுவனம் கொடுக்குமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

வெளிநாட்டில் நிஜமான தொலைநிலை முனைவர் பட்டம் இருக்கிறது, அதையும் மறைக்கக் கூடாது. தென்னாப்பிரிக்காவின் யுனிசா பல காலமாகத் தொலைநிலைக் கல்விக்கென்றே இருக்கும் பல்கலைக்கழகம், பி.எச்டி.யும் அந்த வழியில் தருகிறது. இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகம் கல்வித்துறை ஆய்வில் பகுதிநேரமாக ஆன்லைனிலேயே பி.எச்டி. நடத்துகிறது. மேலாண்மையில் டி.பி.ஏ., கல்வியில் இ.டி.டி. என்று வேலையில் இருப்பவர்களுக்கென்றே தனிப் பட்டங்களும் உண்டு. நீங்கள் துபாயிலோ லண்டனிலோ இருந்து, பட்டம் உங்கள் துறையில் உயரத்தான் என்றால் இவை நல்ல வழிகள். ஊருக்குத் திரும்பி ஒரு கல்லூரியில் ஆசிரியராகும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால், பணம் கட்டும் முன்பே இங்கே அதற்கு இணைத்தகுதி கிடைக்குமா என்று எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கி வையுங்கள். போனில் சொன்னார்கள் என்பது எதற்கும் உதவாது.

கேள்வி உங்கள் மேஜையிலேயே இருக்கிறது

பெரும்பாலானவர்கள் தவறு செய்வது இங்கேதான். பல்கலைக்கழகத்தை முதலில் தேடுகிறார்கள், அப்புறம் கைடு, கடைசியில் கைடு கொடுக்கும் தலைப்பு. இருபத்திரண்டு வயதில் முழுநேரமாக வருகிறவருக்கு அது சரிப்படும். அவருக்கு லேப் பக்கத்திலேயே இருக்கிறது, சீனியர்கள் இருக்கிறார்கள், 2023-லிருந்து ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கினால் மாதம் 37,000 ரூபாயும் வருகிறது. நமக்கு அந்த ஊக்கத்தொகை கிடையாது, லேப் எழுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கும். ஆனால் பத்து பதினைந்து வருடம் ஒரே வேலையைப் பார்த்ததில் நமக்கு மட்டும் தெரிந்த ஒரு கேள்வி கட்டாயம் இருக்கும். அதை விட்டுவிட்டு யாரோ கொடுக்கும் தலைப்பை எடுத்துக்கொண்டால், பகலில் ஒரு வேலை, இரவில் அதோடு சம்பந்தமே இல்லாத இன்னொரு வேலை என்று ஆகிவிடும். இரண்டாவது வருடத்தில் நின்றுபோகிறவர்களில் நான் பார்த்த பலர் இப்படி மாட்டிக்கொண்டவர்கள்தான்.

எனக்குக் கேள்வி கிடைத்தது ஒரு லாக் புக்கிலிருந்து. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, ஆற்றில் ஒரு சொட்டும் விடக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் நிலையங்கள் மறுபடி ஓடத் தொடங்கின. அதனால் கழிவுநீரை வடிகட்டும் ஆர்.ஓ. சவ்வுதான் எங்களுக்கு உயிர். ஒவ்வொரு ஷிப்டிலும் ஆபரேட்டர்கள் நேரம், ஃபீட் பிரஷர் (தண்ணீரைச் சவ்வுக்குள் தள்ளும் அழுத்தம்), வெளிவரும் நீரின் அளவு, டி.டி.எஸ். (கரைந்த உப்பின் அளவு), பி.எச். என்று கட்டம் கட்டமாக எழுதி வைப்பார்கள். பிரஷர் ஏறிக்கொண்டே போனால் சவ்வில் அழுக்கு அடைகிறது, கழுவ வேண்டும். ஒரு நாள் ஆடிட்டுக்காகப் பழைய புத்தகங்களைப் புரட்டியபோது, கடைசிக் கட்டத்தில் மூத்த ஆபரேட்டர் ஒருவரின் கையெழுத்தில், பென்சிலில், 'கருப்பு ஜாஸ்தி' என்று இருந்தது. இரண்டு பக்கம் தள்ளி சவ்வு கழுவிய குறிப்பு. இன்னொரு மாதத்திலும் அதே பென்சில், மறுபடி மூன்று நாளில் கழுவல். உட்கார்ந்து ஒரு வருடப் புத்தகத்தையும் பார்த்தேன். எந்த நிறத்துச் சாயம் அதிகம் வரும் நாட்களில் சவ்வு சீக்கிரம் அடைகிறது, ஏன், அதை முன்கூட்டியே சொல்ல முடியுமா? என் ஆய்வு அவ்வளவுதான். அலமாரியில் ஐந்து வருடத் தரவு தூசி படிந்து ஏற்கெனவே இருந்தது.

நீங்கள் நர்ஸாக இருந்தால் வார்டு பதிவேடு, ஆசிரியராக இருந்தால் பத்து வருட விடைத்தாள்களில் திரும்பத் திரும்ப வரும் ஒரே தவறு, வங்கியில் இருந்தால் கடன் கட்ட முடியாமல் போகிறவர்கள் வந்து சொல்லும் முதல் காரணம். இரண்டு வாரம் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொண்டு, வேலையில் 'இது ஏன் இப்படி நடக்கிறது' என்று தோன்றுவதையெல்லாம் அப்போதே எழுதுங்கள். அதில் எதற்கு உங்களிடம் தரவு இருக்கிறது, அல்லது நீங்கள் கேட்டால் கிடைக்கும் என்று பாருங்கள். அது உங்கள் தலைப்பு.

அப்புறம் ஷோத்கங்கா தளத்துக்குப் போங்கள். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகள் லட்சக்கணக்கில் அங்கே இலவசமாக இருக்கின்றன. உங்கள் கேள்விக்குப் பக்கத்தில் வரும் ஐந்தாறு ஆய்வேடுகளை இறக்கி, கடைசி அத்தியாயத்தில் 'மேற்கொண்டு செய்ய வேண்டியவை' என்று இருக்கும் பகுதியை மட்டும் முதலில் படியுங்கள். உங்கள் கேள்வியை யாராவது முடித்துவிட்டார்களா, வாசலில் விட்டுவிட்டுப் போனார்களா என்பது ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

கைடு

ஆறு வருடம் கூடவே வரப்போகிறவர். பெரிய பேராசிரியர், நூறு கட்டுரை போட்டவர் என்பதைவிட, பார்ட் டைம் ஆட்களை வைத்து முடித்துக் காட்டியவரா என்று பாருங்கள். அதற்கும் ஷோத்கங்காதான் வழி. அவர் பெயரைப் போட்டுத் தேடினால் அவரிடம் முடித்தவர்களின் ஆய்வேடுகள் வரும். நன்றியுரைப் பக்கத்தைப் படியுங்கள். நிறுவனத்துக்கும் மேலதிகாரிக்கும் நன்றி சொல்லியிருந்தால் அதை எழுதியவர் வேலையில் இருந்தபடி படித்தவர். அப்படி ஒருவரையாவது தேடிப் பிடித்துப் பேசுங்கள். 'எழுதிக் கொடுத்தால் கைடு எத்தனை நாளில் திருப்பித் தருவார்?' என்று அவரிடம் கேளுங்கள். முக்கியமான கேள்வி அது ஒன்றுதான். இரண்டு வாரம் என்று பதில் வந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர். நான் முதலில் பார்த்த ஒரு பேராசிரியரைப் பற்றி அவருடைய பழைய மாணவி 'ஆறு மாசம் ஆகும், நல்ல மனுஷன்தான், ஆனா ஆறு மாசம் ஆகும்' என்றார். வணங்கிவிட்டு வேறு இடம் பார்த்தேன்.

இரண்டு கணக்குகளைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒன்று, ஒரு பேராசிரியர் ஒரே சமயத்தில் 8 பேர், இணைப் பேராசிரியர் 6 பேர், உதவிப் பேராசிரியர் 4 பேர் வரைதான் ஆய்வு மாணவர்களை வைத்துக்கொள்ள முடியும், அதனால் இடம் காலியா என்று கேட்டுவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும். இரண்டு, அவருடைய ஓய்வு தேதி. ஓய்வுக்கு மூன்று வருடத்துக்குக் குறைவாக இருப்பவர் புதியவர்களை எடுக்கக் கூடாது என்பது விதி. சரியாக மூன்றரை வருடம் மீதி இருப்பவரிடம் பார்ட் டைமில் சேர்ந்தால் நடுவில் கைடு மாற வேண்டிவரும் அல்லது அவர் இணை நெறியாளராக மட்டும் தொடர்வார். சமாளிக்கலாம், ஆனால் தெரிந்தே போய் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

முதல் மெயில் சின்னதாக இருக்கட்டும். நீங்கள் யார், எத்தனை வருடம் எந்த வேலை, உங்கள் கேள்வி என்ன, உங்களிடம் என்ன தரவு இருக்கிறது, எப்போது நேரில் வரலாம் என்று ஏழெட்டு வரி போதும். கூடவே ஒரே ஒரு பக்கத்தில் தரவின் மாதிரி. பல்லாவரத்திலிருந்தோ பல்லடத்திலிருந்தோ 'ஐ ஆம் இன்ட்ரெஸ்டட் இன் டூயிங் பி.எச்டி. அண்டர் யுவர் எஸ்டீம்டு கைடன்ஸ்' என்று தினமும் பத்து மெயில் வரும் இடத்தில், 'என்னிடம் ஐந்து வருட ஆர்.ஓ. பிரஷர் பதிவு இருக்கிறது' என்ற வரி தனியாக நிற்கும். என் கைடு அன்று சாயங்காலமே பதில் போட்டார்.

என்.ஓ.சி.யும் இன்னொரு கடிதமும்

பார்ட் டைமுக்கு வேலை செய்யும் இடத்திலிருந்து தடையின்மைச் சான்று கட்டாயம். அதில் மூன்று விஷயம் இருக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது: பகுதிநேரமாகப் படிக்க அனுமதி, ஆய்வுக்குப் போதுமான நேரம் ஒதுக்க வேலை இடம் கொடுக்கும் என்ற உறுதி, தேவைப்பட்டால் கோர்ஸ் ஒர்க் (தொடக்கத்தில் முடிக்க வேண்டிய பாடங்கள்) முடிக்க வேலையிலிருந்து விடுவிப்போம் என்ற வாசகம். ஹெச்.ஆரிடம் 'ஒரு என்.ஓ.சி. கொடுங்கள்' என்று மொட்டையாகக் கேட்டால் 'எங்களுக்கு ஆட்சேபணை இல்லை' என்று ஒரு வரியில் கொடுப்பார்கள், பல்கலைக்கழகம் திருப்பி அனுப்பும், அதற்குள் அந்த செஷன் போய்விடும். அண்ணா பல்கலைக்கழகம் மாதிரி இடங்களில் ஜனவரி, ஜூலை என்று வருடத்துக்கு இரண்டே செஷன்தான். பல்கலைக்கழகத் தளத்தில் உள்ள படிவத்தையே அச்செடுத்துப் போய்க் கையெழுத்து வாங்குங்கள்.

இன்னொரு கடிதத்தைப் பற்றி யாரும் சொல்வதில்லை, நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், வாங்கி வையுங்கள். நிறுவனத்தின் தரவை ஆய்வுக்கும் கட்டுரைக்கும் பயன்படுத்தலாம், நிறுவனத்தின் பெயர் வராது, அல்லது வரலாம் என்று நிர்வாகம் கொடுக்கும் தனிக் கடிதம். என் மூன்றாவது வருடத்தில் மேலாளர் மாறினார். புதியவர் வந்து முதல் வாரமே 'இந்த நம்பரெல்லாம் எப்படி வெளியே போகுது?' என்று கேட்டார். முந்தையவர் கையெழுத்திட்ட கடிதத்தை எடுத்து மேஜையில் வைத்தேன். அது இல்லாவிட்டால் என் ஆய்வு அன்றோடு நின்றிருக்கும். மருத்துவமனை, பள்ளி என்று மனிதர்களைப் பற்றிய தரவாக இருந்தால் இந்தக் கடிதத்தோடு நெறிமுறைக் குழு ஒப்புதலும் வேண்டும். தரவு சேகரிக்கத் தொடங்கும் முன்பே வாங்க வேண்டும், பின்தேதியிட்டு வாங்க முடியாது.

நுழைவும் கோர்ஸ் ஒர்க்கும்

இந்தப் பகுதி சுலபம். முதுநிலையில் 55 சதவீதம் வேண்டும், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 5 சதவீதத் தளர்வு உண்டு. பல்கலைக்கழகத்தின் சொந்த நுழைவுத் தேர்வில் பாதி ஆய்வு முறையியல், பாதி உங்கள் பாடம். 2024 ஜூனிலிருந்து நெட் (தேசிய தகுதித் தேர்வு) மதிப்பெண்ணை வைத்தும் சேரலாம், அதற்கு 70 சதவீதமும் நேர்காணலுக்கு 30 சதவீதமும் எடை, ஆனால் அந்த மதிப்பெண் ஒரு வருடத்துக்குத்தான் செல்லும்.

கோர்ஸ் ஒர்க் குறைந்தது 12 கிரெடிட், அதிலும் 55 சதவீதம் எடுக்க வேண்டும். ஆய்வு நெறிகள் பற்றிய தாள் கட்டாயம். வகுப்பு சனிக்கிழமைகளில் நடக்கிறதா, தொடர்ந்து சில வாரம் உட்கார வேண்டுமா என்பது இடத்துக்கு இடம் மாறும், சேரும் முன் கேளுங்கள். புள்ளியியல்தான் பலருக்குப் பயம், எனக்கும் கை நடுங்கியது. என்.பி.டி.இ.எல். என்ற இணையத் தளத்தில் அடிப்படையிலிருந்து இலவச வகுப்புகள் இருக்கின்றன. வேறு யாரோ போட்ட கணக்கைப் படிக்காமல் உங்கள் சொந்த எண்களையே போட்டுப் பழகுங்கள். ரிக்ரெஷன் என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது, சவ்வு பிரஷரையும் சாயத்தின் அடர்த்தியையும் ஒரு தாளில் புள்ளி புள்ளியாக வைத்து, நடுவில் ஸ்கேலால் கோடு போட்டுப் பார்த்த அன்றுதான்.

நேரம் எங்கிருந்து வரும்

இரவில் படிக்கலாம் என்று நினைக்காதீர்கள். எட்டு மணி நேர வேலை, சமையல், பிள்ளைகளின் வீட்டுப்பாடம் எல்லாம் முடிந்து பத்து மணிக்கு உட்கார்ந்தால் ஒரே பத்தியை மூன்று தடவை படிப்பீர்கள். நான் காலை நாலரை முதல் ஆறு வரை, திங்கள் முதல் வெள்ளி. ஞாயிறு மட்டும் மதியம் மூன்று மணி நேரம். சனிக்கிழமை தொடவே மாட்டேன், மாதத்தில் ஒரு சனி மட்டும் கைடைப் பார்க்கக் கோவை பஸ். வாரத்துக்குப் பத்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். கேட்பதற்குக் குறைவாகத் தெரியும், வருடத்துக்கு ஐந்நூறு மணி நேரம் அது.

அந்த ஒன்றரை மணி நேரத்தில் முதல் இருபது நிமிடம் 'நேற்று எங்கே விட்டோம்' என்று தேடுவதில் போனால் தாங்காது. அதனால் மேஜையை விட்டு எழுந்திருக்கும் முன் நோட்டில் ஒரே ஒரு வரி, 'நாளைக்கு: 2014 மார்ச் புத்தகம், 40-ஆம் பக்கத்திலிருந்து டைப் செய்' என்று வேலைக்காரருக்குச் சொல்வது போல எழுதி வைப்பேன். படித்த கட்டுரைகளை முதல் நாளிலிருந்தே ஸோட்டேரோ என்ற மேற்கோள் மென்பொருளில் போடுங்கள், இலவசம். இருநூறு கட்டுரை சேர்ந்த பிறகு ஆரம்பிக்கலாம் என்று விட்டவர்கள் கடைசியில் மேற்கோள் பட்டியலுக்கே ஒரு மாதம் உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

வீட்டில் பேசிவிடுங்கள். 'படிக்கப் போகிறேன்' என்று பொதுவாகச் சொல்லாமல், எந்த மாதங்கள் கடினம் என்று காலண்டரில் குறித்துக் காட்டுங்கள்: கோர்ஸ் ஒர்க் பரீட்சை, ஒவ்வொரு செமஸ்டரும் டி.சி. (ஆய்வை மேற்பார்க்கும் குழு) மீட்டிங், சினாப்சிஸ் (ஆய்வேட்டுக்கு முன் கொடுக்கும் சுருக்கம்). என் மாமியார் அந்தக் காலண்டரைப் பார்த்துவிட்டு, 'அந்த மாசம் சீர் வருது, நான் போய்க்கறேன், நீ இரு' என்று அவராகவே சொன்னார். தேதி தெரிந்தால் உதவ வருகிறவர்கள் நம் வீட்டிலேயே இருக்கிறார்கள்.

ஒரு வருடம் எதுவுமே நகராமல் போகும். யாருக்கும் போகும். எனக்கு அப்பாவின் உடல்நிலை காரணமாக எட்டு மாதம் ஒரு வரி எழுதவில்லை. அந்த மாதிரி சமயத்தில் கைடுக்குப் பயந்து போனை எடுக்காமல் இருப்பதுதான் ஆபத்து. 'சார், இந்த நிலைமை, இத்தனை மாதம் முடியாது' என்று ஒரு மெயில் போட்டுவிடுங்கள், கட்டணத்தை மட்டும் தேதி தவறாமல் கட்டுங்கள். ஆய்வு நின்றால் மறுபடி ஓட்டலாம், பதிவு ரத்தானால் மறுபடி முதலிலிருந்துதான்.

கட்டுரை போடுவது

2022 விதிகளுக்கு முன் ஆய்வேடு கொடுக்க ஓர் ஆய்விதழ்க் கட்டுரையும் இரண்டு கருத்தரங்கக் கட்டுரைகளும் கட்டாயம் இருந்தன. யு.ஜி.சி. அளவில் இப்போது அந்தக் கட்டாயம் இல்லை, ஆனால் பல பல்கலைக்கழகங்கள் தங்கள் சொந்த விதியில் வைத்திருக்கின்றன, உங்கள் இடத்து விதியைப் பாருங்கள். தரமான ஆய்விதழ்கள் என்று யு.ஜி.சி. வைத்திருந்த கேர் பட்டியலும் 2025-ல் கைவிடப்பட்டுவிட்டது, 'நாங்கள் கேர் லிஸ்டில் இருக்கிறோம்' என்று சொல்லி யாராவது பணம் கேட்டால் நம்ப வேண்டாம். மூன்று நாளில் வெளியிடுகிறோம், நாலாயிரம் கட்டுங்கள் என்று வாட்ஸ்அப்பில் வருகிற எதுவும் வேண்டாம். நல்ல இதழில் ஆறு மாதம், ஒரு வருடம் ஆகும், அதனால் மூன்றாவது வருடத்திலேயே முதல் கட்டுரையை அனுப்பிவிடுங்கள்.

படிக்கக் கட்டுரைகள் கிடைக்காமல் தவித்த காலம் ஓரளவு போய்விட்டது. 2025 ஜனவரியிலிருந்து 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்திருக்கின்றன. அரசுப் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்திருந்தால், வீட்டிலிருந்தே பார்க்க லாகின் கிடைக்குமா என்று நூலகத்தில் கேளுங்கள். நாம் கட்டும் கட்டணத்தில் நமக்கு அதிகம் பயன்படுவது அதுதான்.

ஒப்புமைச் சோதனைக்கு, அதாவது பிளேஜரிசம் ரிப்போர்ட்டுக்கு, 2018 விதிப்படி 10 சதவீதம் வரை பரவாயில்லை. அதைத் தாண்டினால் திருத்தம், 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. பெரும்பாலும் மாட்டுவது முறையியல் அத்தியாயம்தான், சோதனை முறையை எல்லோரும் ஒரே வாக்கியத்தில் எழுதியிருப்பார்கள். லேபில் நீங்கள் நிஜமாகச் செய்ததை, எந்த பீக்கர், எத்தனை மணிக்கு எடுத்த மாதிரி என்பது வரை உங்கள் வார்த்தையில் எழுதினால் அது யாரோடும் ஒத்துப்போகாது.

சினாப்சிஸ் முதல் வைவா வரை

சினாப்சிஸ் கொடுத்த பிறகு எல்லாம் முடிந்துவிட்டது என்று தோன்றும். இல்லை. ஆய்வேடு கைடைத் தவிர குறைந்தது இரண்டு வெளித் தேர்வாளர்களிடம் போகும். ஆறு மாதத்தில் முடிக்க வேண்டும் என்பது விதி, ஆனால் ஃபைல் எந்த மேஜையில் இருக்கிறது என்று மாதம் ஒரு முறை நீங்களே போய்ப் பணிவாகக் கேட்பது நல்லது. வெளியூரில் இருக்கும் பார்ட் டைம்காரரின் ஃபைலை ஞாபகப்படுத்த ஆள் இருக்காது.

வைவா எல்லோருக்கும் திறந்தது. அறிவிப்பு வந்ததும் அதில் ஒரு பிரதியை உங்கள் அலுவலக நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள், உங்களுக்குத் தரவு கொடுத்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். நான் எங்கள் நிலையத்திலிருந்து நாலு ஆபரேட்டர்களை அழைத்துப் போயிருந்தேன், பென்சிலில் எழுதியவரும் வந்திருந்தார். தேர்வாளர் சரியாக அந்த இடத்தில்தான் கை வைத்தார்: கண்ணால் பார்த்து எழுதிய குறிப்பை எப்படித் தரவாக எடுத்துக்கொண்டீர்கள்? நிறத்தை அளக்கும் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் அளவோடு ஒப்பிட்ட படத்தைக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, எழுதியவர் இங்கே இருக்கிறாரா என்று கேட்டார். கடைசி வரிசையிலிருந்து அவர் எழுந்து, "காலையில வெயில் ஏறுறதுக்கு முன்னாடி பாப்பேனுங்க. டேங்க் ஓரத்துல நாலு வெள்ளை டைல்ஸ் இருக்குதுங்க, தண்ணி அதுல ஏறி எறங்குறப்ப கலர் தெரிஞ்சுருமுங்க" என்றார்.

ஆறு வருடம் அந்த டேங்கைத் தாண்டிப் போய்வந்தும் அந்த நாலு டைல்ஸை நான் கவனித்ததில்லை. முறையியல் அத்தியாயத்தில் அதைச் சேர்க்கச் சொல்லித் தேர்வாளர் ஒரு திருத்தம் எழுதினார். மறுநாள் காலை ஆறு மணிக்கு ஸ்கேலோடு போய் டைல்ஸை அளந்து, ஒரு பத்தி எழுதி, படம் போட்டு, திருத்திய பிரதியையும் ஷோத்கங்காவுக்கான சி.டி.யையும் பத்து நாளில் கொடுத்தேன். திருத்தம் சின்னதாக இருந்தாலும் உடனே முடித்துக் கொடுத்துவிடுங்கள், புரொவிஷனல் சான்றிதழுக்கான ஃபைல் அந்தப் பிரதி வந்த பிறகுதான் நகரும்.